பதினோராவது கேள்வி

என் மனைவி ஒரு பள்ளியில் மேற்படிப்பு ஆலோசகராக இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் யாருக்கு எந்தக் கல்லூரி பொருந்தும் என்று பார்த்துச் சொல்வது வேலை. தரவரிசைப் பட்டியல்களை அவள் நம்பவில்லை. நேரில் போவாள். மதிய நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து, ஒரு நீல நோட்டை வைத்துக்கொண்டு, அங்கே படிப்பவர்களிடம் பதினோரு கேள்விகள் கேட்பாள். வகுப்பில் எத்தனை பேர், நூலகத்தை எப்போது மூடுவார்கள் என்று ஆரம்பிக்கும். கடைசிக் கேள்வி: அழ வேண்டும் என்றால் இங்கே எங்கே போவீர்கள்?

அதற்குப் பதில் இல்லாத கல்லூரியை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

ஐந்து மாதங்களுக்கு முன், ஒரு காலையில், தலைவலி என்று என்னை மூன்று முறை கூப்பிட்டாள். நான் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

இந்த வருடம் அவள் தங்கையின் முறை. வீட்டில் அவளுக்குப் பெயர் வாண்டு. புள்ளியியல் படிக்க வேண்டும் என்றாள். பத்துப் பேருக்கு மேல் கூடினால் தனக்குக் காது அடைத்துக்கொள்ளும் என்றாள். அலசிப் பார்த்ததில் இரண்டு கல்லூரிகள் மிஞ்சின. ஒன்று வீட்டிலிருந்து இருபது நிமிடம். இன்னொன்று பேருந்தில் ஆறு மணி நேரம், விடுதியில் தங்க வேண்டும். விருப்பப் பட்டியலை வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் இணையத்தில் பூட்ட வேண்டும். பிறகு மாற்ற முடியாது.

என் மனைவியின் நீல நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கல்லூரிக்கு முதலில் போனோம். கேன்டீனில் ஒரே கூச்சல். கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அந்த மேசையே சிரித்தது.

"அழறதா? நாங்கல்லாம் ஜாலி டைப் சார்."

வாண்டுவின் பள்ளியில் படித்த ஒருத்தி அங்கே இருந்தாள். வாண்டுவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திப் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். அந்த மேசையில் எல்லோரும் முகத்தை மாற்றிக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா மாமா," என்றாள் வாண்டு, வெளியே வந்து. "இங்க சேந்தா மூணு வருஷமும் நான் அக்கா செத்துப்போன பொண்ணுதான்."

வியாழக்கிழமை விடிந்ததும் தூரத்துக் கல்லூரிக்குக் கிளம்பினோம். அவள் செருப்பு தேடும் நேரத்தில் அத்தை என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். மாமனார் இறந்து எட்டு வருடம் ஆகிறது. வீட்டில் இப்போது இவர்கள் இரண்டு பேர்தான்.

"அங்க சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மாப்பிள்ளை. நீங்க சொன்னா நம்புவா. காய்ச்சல்னு படுத்தா அவ்வளவு தூரத்துல யாரு பாப்பா?"

சரி என்றேன். அந்த ஐந்து மாதங்களில் யார் எது சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேருந்தில் வாண்டு பாதி வழி தூங்கினாள். இறங்கும்போது, "முகத்தக் கொஞ்சம் சரி பண்ணுங்க மாமா. என்னைக் கடத்திட்டு வந்த மாதிரி இருக்கு," என்றாள்.

அந்தக் கல்லூரியில் சுவர்கள் காரை பெயர்ந்திருந்தன. புள்ளியியல் வகுப்பில் பன்னிரண்டு பெஞ்சு, ஒன்பதே பேர். கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மூன்றாம் ஆண்டு மாணவியிடம் வாண்டுவே நோட்டைப் பார்த்துக் கேட்டாள். கடைசிக் கேள்விக்கு அந்தப் பெண் யோசிக்கவே இல்லை.

"ஃபர்ஸ்ட் இயர்னா லைப்ரரி பின்பக்கப் படிக்கட்டு. தேர்ட் இயர் வந்துட்டா மொட்டை மாடி, டேங்க் பக்கம். சீனியாரிட்டி இருக்குல்ல?"

"யாராவது வந்து என்ன ஏதுன்னு நச்சரிப்பாங்களா?"

"ம்ஹூம். அரை மணி நேரம் தாண்டினா ஒருத்தி வந்து பக்கத்துல உக்காருவா. பேச மாட்டா. அவ போனை நோண்டிட்டு இருப்பா."

வாண்டு எழுதிக்கொண்டாள். அவள் கையெழுத்து அக்காவின் கையெழுத்துப் போலவே சாய்ந்திருந்தது. நான் விடுதியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். காப்பாளரிடம் பேசினேன். பிறகு வாசலுக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுநாள் நான்கு மணிக்கு அவர்கள் வீட்டில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். மடிக்கணினி திறந்திருந்தது. அத்தை என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை. எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருக்கு அத்தை. இவளுக்குன்னே கட்டின மாதிரி இருக்கு."



"உங்களுக்கென்ன. உங்க வீடு ஏற்கெனவே காலி," என்றார். எழுந்து குளியலறைக்குப் போனார். தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் திறந்தது.

வாண்டு திரையைப் பார்த்தபடியே தூரத்துக் கல்லூரியைக் கீழே இறக்கினாள். பக்கத்துக் கல்லூரி முதலிடத்துக்கு வந்தது.

"என்ன பண்ற?"

"தினமும் இப்படித்தான் மாமா. குழாயத் தொறந்து விட்டுட்டு அழும். எனக்குக் கேக்காதாம். நான் போய்க் கதவத் தட்டினாத்தான் வெளிய வரும். நான் போயிட்டா யாரு தட்டுவா?"

கணினியில் மணி நான்கு இருபது. என் வீட்டில் எனக்காக எதுவும் காத்திருக்கவில்லை. ஆறு மணிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினால், மறுநாள் காலை வரை அந்த வீட்டில் சத்தமே இருக்காது.

"நான் தட்டறேன்," என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க."

"ஆபீஸ் விட்டு நேரா இங்க வரேன். தினமும்."

"அம்மா திட்டும்."

"திட்டட்டும்."

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு தூரத்துக் கல்லூரியை மேலே ஏற்றினாள். பூட்டுவதற்கான பொத்தானில் கையை வைத்துக்கொண்டு, "முதல்ல தட்டிட்டு வாங்க. அம்மா சரின்னு சொன்னாத்தான் அமுக்குவேன்," என்றாள்.

போய்த் தட்டினேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி தட்டினேன்.

"யாரு?"

"நான்தான் அத்தை."

கதவைப் பார்த்தே சொன்னேன். அறைக்கு இரண்டு பேர். காப்பாளர் கீழ்த்தளத்திலேயே தங்குகிறார். காய்ச்சல் என்றால் அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார், நடந்துபோகும் தூரம்தான். கூடப் படிப்பவள் இரவு பக்கத்தில் படுத்துக்கொள்வாள்.

குழாய் நின்றது.

"கூப்பிட்டா போன் எடுப்பாங்களா மாப்பிள்ளை?"

கதவின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"எடுப்பாங்க அத்தை. ஹாஸ்டல் வாசல்ல நின்னு நானே கூப்பிட்டுப் பாத்தேன். மூணு தடவை. மூணு தடவையும் எடுத்தாங்க."