பாதிக்கு மேல் வந்த பச்சை

நாத்தனார் செய்த ஃபிலிம் தன்மேல் விழுந்த பச்சை ஒளியில் தொண்ணூற்றிரண்டு சதவீதத்தைத் திருப்பி அனுப்பியது. ஐம்பதுக்கு மேல் ஒரு துளிகூட வராது என்றது அண்ணியின் கணக்கு.

இரண்டு பேரும் ஒரே வீட்டுக் குளியலறைக்குச் சண்டை போட்டு, ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே ஆய்வுக்கூடத்தில் இறங்குகிறவர்கள். கீழ்த்தளத்தில் திரவப் படிகத்தைக் காய்ச்சித் தேய்த்து ஃபிலிம் செய்வது நாத்தனார். அதில் ஒளி பட்டால் எவ்வளவு திரும்பும் என்று மாடியில் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது அண்ணி. அளந்ததும் கணக்கும் ஒத்துப்போனால்தான் ஃபிலிம் தேறும். நாலு மணிக்குள் ஒத்துப்போகாவிட்டால் ஃபிலிம் வேலையை மூடிவிட்டு நாத்தனாரைப் பெயின்ட் பிரிவுக்கு மாற்றிவிடுவதாகத் தலைவர் சொல்லியிருந்தார். எதையும் நிறுத்துப் பார்த்தே பேசுவதால் அவருக்குத் தராசு என்று பெயர்.

அண்ணி சொன்னதில் தப்பில்லை. ஃபிலிமுக்குள் மூலக்கூறுகள் சுழல் படிக்கட்டு மாதிரி மெல்ல மெல்லத் திரும்பியபடி ஏறும். ஒளியிலும் வலஞ்சுழி, இடஞ்சுழி என்று இரண்டு உண்டு. வலப்புறம் சுற்றும் படிக்கட்டு வலஞ்சுழியை மட்டும் மடக்கித் திருப்பும். மற்றது சிட்டாகப் பறந்துவிடும். நாத்தனார் செய்திருப்பதுபோல் ஒரே மாதிரி இரண்டு படிக்கட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் பாதிதான். படிக்கட்டை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்து, மேலிருந்து கீழ்வரை பெருக்கிக்கொண்டே போவது அண்ணியின் வழி. காலையிலிருந்து மூன்று முறை பெருக்கிவிட்டாள்.

"பாதிதான்டி வரும். நான் வச்ச சட்டமா இது?"

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு அண்ணி? மெஷின்தான் காட்டுதே."

"உங்கண்ணன் ஏறி நின்னா வீட்டுல வெயிட் மெஷினும்தான் என்னமோ காட்டுது. நம்பிடறதா?"

நாத்தனார் கீழே ஓடி மெஷினின் விளக்கை மாற்றிப் பார்த்தாள். தப்பிய ஒளி திரும்பாமலிருக்க அடியில் கறுப்புத் தாள் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. மெஷின் அசரவில்லை. மணி இரண்டரை. மாடிக்குத் திரும்பி வந்த நாத்தனார் தன் பெயின்ட் வாழ்க்கையை நினைத்து மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தாள். அண்ணிக்குப் பொறுக்கவில்லை. ஆறு மாதமாகக் கீழ்த்தளம் பக்கமே போகாதவள், விறுவிறுவென்று இறங்கி வந்து ஃபிலிமைக் கையில் எடுத்தாள். ஓரத்தை நகத்தால் நெம்பினாள்.

"நடுவுல இது என்னடி?"

"டேப். ரெண்டு ஃபிலிமும் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிச்சு. அதான் ஒட்டினேன்."

"நோட்டுல எழுதலையே நீ."

"அதுதான் கண்ணுக்கே தெரியலையே அண்ணி. தெரியாததை எப்படி எழுதறது?"

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் எதிரே அப்பாவியாக நிற்கிறாள். கண்ணாடி போன்ற டேப்தான், ஆனால் செய்யும்போதே அதை ஒரு பக்கமாக இழுத்து நீட்டியிருப்பார்கள். நீட்டின திசையில் ஒளிக்கு ஒரு வேகம், குறுக்கே வேறு வேகம். தடிமனும் தோதாக அமைந்துவிட்டால், இடஞ்சுழியாக நுழைவது வலஞ்சுழியாக வெளியே வரும். மேல் ஃபிலிமில் தப்பித்த ஒளி, நடுவில் வேஷம் மாறி, கீழ் ஃபிலிமில் வசமாக மாட்டிக்கொள்கிறது. திரும்புகிற வழியில் பழைய வேஷத்தைப் போட்டுக்கொண்டு மேல் ஃபிலிமைத் தாண்டி வந்துவிடுகிறது.

டேப்பின் தடிமனை அளந்து கணக்கில் ஒரு அடுக்காகச் சேர்த்தார்கள். தொண்ணூற்றொன்று. இருவருக்கும் தலைகால் புரியவில்லை. நாத்தனார் அண்ணியைத் தூக்கப் பார்த்து முடியாமல் ஸ்டூலைத் தூக்கிச் சுற்றினாள். பெயின்ட் பிரிவுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாடியில் தராசு எல்லாவற்றையும் கேட்டார். சிரிக்கவில்லை.

"விடை தெரிஞ்சப்புறம் கணக்கைத் திருத்த யாராலயும் முடியும், அம்மா. நடுவுல ரெண்டு டேப் ஒட்டினா என்ன வரும்? முதல்ல எழுதிக் குடுங்க. அப்புறம் அளப்போம்."

அண்ணி பெருக்கினாள். ஒரு முறை வேஷம் மாறினது மறு டேப்பில் திரும்பவும் மாறி, பழையபடி ஆகிவிடும். ஐம்பது என்று எழுதி மடித்துக் கொடுத்தாள். நாத்தனார் டேப் சுருளை எடுத்தாள். தான் பெற்ற தொண்ணூற்றிரண்டைத் தன் கையாலேயே பாதியாக்க வேண்டும். குமிழி இல்லாமல் கட்டைவிரலால் அழுத்தி இரண்டாவது டேப்பை ஒட்டினாள். மூவரும் கீழே போய் மெஷின் முன்னால் நின்றார்கள்.

நாற்பத்தொன்பது.

பாதி போய்விட்டதற்கு இத்தனை சந்தோஷப்பட்டவர்களை அந்தக் கட்டடம் கண்டதில்லை. நாத்தனார் மெஷினையே கட்டிக்கொண்டாள். அது சூடாக இருந்தது, அவள் விடவில்லை.

"நாளைக்கும் நீ இங்கதான்" என்றார் தராசு. சொல்லிக்கொண்டே கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். டேப் சுருளை எடுத்து நுனியைத் தேடினார்; கிடைக்காமல் பல்லால் கடித்து இழுத்தார்.

"மூணு போட்டா?"

இரண்டு பேரும் ஒரே குரலில், "தொண்ணூறு சார்."

"பொறுங்க, பொறுங்க, நான் ஒட்டறேன்" என்றார் அவர். டேப் அவர் மீசையில் ஒட்டிக்கொண்டிருந்தது.