வாத்தியார் பக்கத்து பிரேக்

என் வீட்டுக்காரர் செத்துப்போன பதினேழாம் நாள் நான் பாண்டி பஜார் மாடியில் கம்ப்யூட்டர் கிளாஸில் போய் உட்கார்ந்தேன். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? பேசினார்கள். பேசட்டும். வீட்டில் இருந்தால் துக்கம் விசாரிக்க ஆள் வந்துகொண்டே இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் என் கண்ணைத்தான் பார்த்தார்கள், அழுதிருக்கிறாளா என்று. எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது உடம்பு முழுக்க. கல்லுளிமங்கி என்று நாத்தனார் சொன்னது கூடத்திலிருந்து காதில் விழுந்தது. ஏசி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்விட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதற்காகத்தான் போனேன்.

கிளாஸில் சேர்த்துவிட்டது அவர்தான். மந்தைவெளியில் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். ஒரே ஒரு ஃபியட். ரோட்டுச் சின்னங்களை எல்லாம் அட்டையில் நான்தான் வரைந்து கொடுப்பேன். அதைப் பார்த்துப் பார்த்து, உன் கைக்குக் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டால் விளம்பரக்காரன் வீடு தேடி வருவான் என்று நச்சரித்து, சித்திரை பிறந்ததும் சேர்த்துவிட்டார். சித்திரை முடிவதற்குள் போயும் விட்டார். வண்டியிலேயே, இடது பக்க சீட்டிலேயே, மாரடைப்பு. ஓட்டிக்கொண்டிருந்தது ஜஹீதா என்று ஒரு காலேஜ் பெண். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. நங்கநல்லூரில் இருக்கும் என் அண்ணன், தனியாக விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். "இன்னா பண்ணுவ இங்க ஒண்டியா? ஆடி போவட்டும். ஆவணி பொறந்ததும் டெம்போ எட்டாந்துடறேன், ரெடியா இரு" என்றான். ஆடியில் வீடு மாற்றமாட்டார்களே, அதனால் எனக்கு ஒரு மாதம் கிடைத்தது. அண்ணன் நல்லவன்தான். ஆனால் அங்கே போனால் அண்ணி சமையலறையின் மூலையில் வெங்காயம் உரித்தே என் காலம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். என் வீடு, என் சாவி, என் கையில் ஒரு வேலை. அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அதைக்கூட ஆசையாக நினைக்கவில்லை, மரத்துப்போன காலை அசைத்துப் பார்க்கிற மாதிரி நினைத்தேன்.

அடையாறில் ஒரு ஸ்டூடியோவில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னது கிரீஷ். அவன்தான் கிளாஸில் சொல்லிக் கொடுப்பவன், இருபத்திரண்டு வயது இருக்கும், என்னை மேடம் மேடம் என்பான். டயர் விளம்பரத்துக்கு கார் செய்யத் தெரிந்த ஆள் வேண்டுமாம். உள்ளும் புறமும் முழுசாக ஒரு கார் செய்து, ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை.

கார் செய்வது என்றால் கார் என்று நினைக்கவே கூடாது என்பான் கிரீஷ். புள்ளி, புள்ளியைச் சேர்க்கிற கோடு, கோட்டுக்குள் ஒரு தகடு. அவ்வளவுதான். அதுவும் முழுக் காரும் செய்ய வேண்டாம், நடுவில் ஒரு கோடு கிழித்துப் பாதியைச் செய்தால் போதும். மிர்ரர் என்று ஒரு கட்டளை கொடுத்தால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி மறுபாதி தானே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை உள்பக்கத்தையும் சேர்த்து அப்படிச் செய்துவிட்டேன். இரண்டு ஸ்டீயரிங், பக்கத்துக்கு மூன்றாக ஆறு பெடல். மிர்ரர் அடித்துவிட்டு வேண்டாததை அழிக்க மறப்பதுதான் புதுசாகக் கற்றுக்கொள்பவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு என்று கிரீஷ் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. உட்கார்ந்து அழித்தேன்.

எங்கள் ஃபியட்டையே செய்வது என்று வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் நின்றது. கொண்டுவந்து விட்ட மெக்கானிக் வலது பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டுப் போய்விட்டான். நகர்த்த எனக்கு ஓட்டத் தெரியாது. மயிலாப்பூரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்த மனுஷன், பெண்டாட்டிக்குச் சொல்லிக் கொடுத்த லட்சணம் அப்படி. நான் கிளட்சைத் தொடுவதற்குள் அவர் தன் பக்கத்து பிரேக்கை மிதிப்பார். மூன்றாம் நாள் சாவியை அவர் மடியில் எறிந்துவிட்டு இறங்கி நடந்தேன். பாதி போதும் என்பதால் இப்போது சுவர் ஒரு தொந்தரவாக இல்லை. தையல் இஞ்ச் டேப்பை வைத்து இடது பக்கத்தை அங்குலம் அங்குலமாக அளந்து நோட்டில் எழுதினேன்.

உள்ளே முன் சீட்டில் குனிந்து பெடல்களை அளந்துகொண்டிருந்த அன்றுதான் ஜஹீதா வந்தாள். கதவோரம் வெகுநேரம் நின்றாள். அப்புறம், யாரும் கேட்காமலே, சொல்ல ஆரம்பித்தாள். மந்தைவெளி தாண்டியதிலிருந்தே சார் எதுவும் பேசவில்லையாம். தலையை ஜன்னல் ஓரத்தில் சாய்த்துக்கொண்டு வந்தாராம். தான் நன்றாக ஓட்டுவதால்தான் திட்டவில்லை என்று அவளுக்கு ஒரே சந்தோஷமாம். பாலம் இறங்கி அடையாறு சிக்னலில் ஒரு பஸ் குறுக்கே வந்திருக்கிறது. அவளுக்குக் கை கால் விறைத்துவிட்டது. ஆனால் வண்டி நின்றுவிட்டது. பச்சை விழுந்ததும் பெசன்ட் நகர் பீச் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, எப்படி சார் ஓட்டினேன் என்று திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

"நான் பிரேக் போட்டேனா, சார் போட்டாரான்னு தெரியலக்கா. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், தெரியல. சார் போட்டிருந்தா..." என்று நிறுத்தினாள்.

மிச்சம் எனக்குப் புரிந்தது. சார் போட்டிருந்தால் சிக்னலில் அவருக்கு உயிர் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரி அங்கிருந்து கூப்பிடு தூரம். அவளோ பீச்சுக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

"நீதாம்மா போட்டே. அவருக்கு மந்தைவெளியிலயே முடிஞ்சுபோச்சு" என்றேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை. அவள் போனதும் விட்ட இடத்திலிருந்து அளந்தேன்.

ஆடிக் கடைசி வெள்ளி. மந்தைவெளியிலிருந்து அடையாறு வரைக்கும் எந்த அம்மன் கோயிலைப் பார்த்தாலும் ஸ்பீக்கரும் கூழ் அண்டாவுமாக இருந்தது. நான் நாலு ஃப்ளாப்பியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டூடியோவில் வேலையைப் பார்த்துச் சொல்பவர் குலாம் முகம்மது என்று ஒருவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பானெட்டில் இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் கோடு தெரிகிறதா என்று கிட்டப்போய்ப் பார்த்தார். தெரியவில்லை. தலையாட்டினார். அப்புறம் திரையிலேயே காரின் உள்ளே போனார்.

"வெளிய பிரமாதமா பண்ணியிருக்கீங்கம்மா. உள்ள பாருங்க, மிர்ரர் அடிச்சிட்டு இந்தப் பக்கத்துப் பெடலை அழிக்காம வுட்டுட்டீங்க. இந்த மாதிரி கவனக்குறைவு நம்ம வேலைக்கு ஆவாது" என்றார். ஃப்ளாப்பியை வெளியே எடுக்கக் கை போய்விட்டது.

எனக்கு டெம்போ கண்ணில் தெரிந்தது. அண்ணி வீட்டு வெங்காயம் தெரிந்தது. சட்டென்று கோபம் வந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவை.

"மிர்ரர் அடிச்சிருந்தா மூணு இருக்கும் சார். எண்ணிப் பாருங்க, ரெண்டுதான் இருக்கு. கிளட்ச், பிரேக். இது டிரைவிங் ஸ்கூல் வண்டி. வாத்தியார் பக்கத்துல ஆக்சிலேட்டர் கிடையாது. அவரால ஓட்ட முடியாது, நிறுத்தத்தான் முடியும்."

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு எண்ணினார். இரண்டுதான். அளந்து செய்தீர்களா என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்தார், அவர் முகம் மாறியது. இதெல்லாம் நிஜமாகவே வேலை செய்யுமா, இல்லை பேருக்கு வைத்திருப்பார்களா என்று கேட்டார். அவருக்கு ஓட்டத் தெரியாது போலிருக்கிறது, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"செய்யும் சார். சிக்னல்ல பஸ் குறுக்க வந்தப்போ எங்க வீட்டுக்காரர்தான் போட்டார். ஓட்டின பொண்ணு விறைச்சுப்போய் உக்காந்திருந்தா."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அவர்தான் போட்டார். வேறு யார்? தூக்கத்தில்கூடக் கால் பிரேக்குக்குப் போகிற மனுஷன். ஜஹீதா சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து வாருங்கள் என்று குலாம் முகம்மது சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பதரைக்கு வந்துவிட வேண்டுமாம். சரி என்றேன். டெம்போ வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிடலாம். எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. நெஞ்சு வலித்தது, தாங்க முடியாமல் வலித்தது. அந்தச் சிக்னலில் அவருக்கு உயிர் இருந்தது. ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிற அளவுக்கு இருந்தது. அவள் திரும்பி ஒரு வார்த்தை பேசியிருந்தால் இருந்திருப்பார். பாவி, என்று வாய்வரைக்கும் வந்தது. யாரைச் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரோ ஒருவர் வீட்டு மேஜையில் தலையை வைத்து அழுகிற மாதிரி, முன்பின் தெரியாத அந்த மனிதரின் கீபோர்டின் மேல் குனிந்து அழுதேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

ஜஹீதா திரும்ப வந்து கேட்பாள். அந்த மாதிரிக் கேள்வி ஒரு தடவையோடு விடாது. எத்தனை தடவை கேட்டாலும், நீதாம்மா போட்டே என்றுதான் சொல்வேன்.