வேலை கிடைக்காமலிருக்க ஒரு பூசை

“பாதர், அந்தப் பூசையைத் திருப்பித் தாங்கோ.”

ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் வாய் கோணிப்போகும் என்று சொல்லித்தான் ஜெனீற்றா தன் மகளை வளர்த்திருந்தாள். அன்றைக்குக் காலையிலும் சொன்னாள். அன்ரனிட்டா கரம்பொன்னில் பாதர் இருக்கும் மிஷன் வீட்டு விறாந்தையில் நின்று கேட்டே விட்டாள். வாய் கோணவில்லை.

ஜோர்ஜ் பாதர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எந்தப் பூசை, பிள்ளை?”

“போன செவ்வாய்ப் பூசை. ஊருக்கே தெரியும். வாசிச்ச உங்களுக்குத் தெரியாதோ?”

தெரியும். யார் எதற்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள் என்று தொடக்கத்தில் ஒலிபெருக்கியில் வாசிப்பது அங்கே வழக்கம். செத்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றி, நோய் வருத்தம், புது வள்ளம், இப்படி. ஜெனீற்றா அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய்ப் பூசை பேசியிருந்தாள். தொடக்கத்தில் எல்லாம் ‘விசேட கருத்துக்காக’ என்றே வாசிக்கப்பட்டது. வீட்டில் கலியாண வயதில் ஒரு பட்டதாரிப் பெண் இருக்க, விசேட கருத்து வேறென்னவாக இருக்கும் என்று ஊர் முடிவுகட்டியது. அயலில் இரண்டு பெண்டுகள் தங்கள் பங்குக்கு மெழுகுதிரியும் கொளுத்தினார்கள்.

போன செவ்வாய் வாசிக்கப்பட்டது இது: “ஜெனீற்றா எமிலியானுஸ், தன் மகள் அன்ரனிட்டாவுக்குப் பொலநறுவையில் கிடைத்த வேலை, தேவ சித்தமானால், கிடைக்காமல் போகும்படி ஒப்புக்கொடுக்கிறார்.”

ஒலிபெருக்கி கடற்கரை வரை கேட்கும். வலை திருத்திக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திக் கேட்டார்களாம்.

“அம்மா சொன்னதைத்தான் வாசிச்சனான்,” என்றார் பாதர். “தேவ சித்தமானால் எண்டதை மட்டும் நான் சேர்த்தனான்.”

“பெரிய உபகாரம்.”

“முடிஞ்ச பூசையைத் திருப்பித் தர ஏலாது, பிள்ளை.”

“அப்ப எதிர்ப்பூசை ஒண்டு வையுங்கோ. வேலை நிலைக்கவேணுமெண்டு.”

“கோயில் என்ன கோட்டுக் கச்சேரியோ, எதிர்வழக்குப் போட?”

“அம்மா வழக்குப் போட்டிட்டாவே.”

வேலை, குளத்து மீன்குஞ்சு வளர்க்கும் அரசாங்க நிலையம் ஒன்றில். அப்பா எமிலியானுஸ் கடலில் பிடித்து விற்ற மீனில் படித்து, மீனைப் பற்றியே பட்டம் எடுத்தவள் அன்ரனிட்டா. அந்தக் குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள். மிதிக்கும் வரை எல்லோருக்கும் பெருமை. வெளியே வந்து வேலை கேட்டபோதுதான் கரைச்சல்.

படியில் குடை மடங்கும் சத்தம் கேட்டது. இந்தச் செவ்வாயின் பின்னேரப் பூசைக்கு ஜெனீற்றா வந்துவிட்டாள்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ பாதர். படிச்சதோடை இவளுக்கு வாயும் நீண்டிட்டுது.”

“முதலிலை ஏனம்மா ஒளிச்சு வைச்சனீங்கள்?” என்று பாதர் கேட்டார்.

“அதுதான் நான் விட்ட பிழை. விசேட கருத்தெண்டு மொட்டையாச் சொன்னதிலை அந்தோனியாருக்கு விளங்கேல்லை. வேலை வேணுமாக்குமெண்டு எடுத்துத் தந்திட்டார். அதுக்குத்தான் இந்தமுறை பேர் ஊரோடை வாசிப்பிச்சனான்.”

பாதர் கோப்பையை எடுத்துக் குடித்தார். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

“அப்பா ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போறார்,” என்றாள் அன்ரனிட்டா. “அவருக்கு ஒரு மெழுகுதிரி. எங்கடை ஷாருஜன் அண்ணை ஏஜென்சிக்காரனை நம்பிக் காடுகரம்பையெல்லாம் நடந்து பிரான்சுக்குப் போனவர். அவருக்கு நன்றிப் பூசை. நான் பஸ்ஸிலை போய் இறங்கப்போறன். எனக்கு ஒன்பது தடைப்பூசை.”

“அவன் ஆம்பிளைப் பிள்ளை.”

“அது அந்தக் காட்டுக்குத் தெரியுமோ?”

“பாருங்கோ பாதர். சுத்திவரக் கடல் கிடக்க, குளத்து மீனைப் பாக்கப் போறாளாம்.”

பாதர் தொண்டையைச் செருமினார். “அம்மா, யேசு பன்னிரண்டு வயசிலை ஆலயத்திலை நிண்டிட்டார். மாதா துடிச்சுத் தேடினவ. எண்டாலும் பிறகு அவரை மறிக்கேல்லை. போகவிட்டவ.”

“விட்டவ,” என்றாள் ஜெனீற்றா. “விட்டு, எங்கை போய் முடிஞ்சது?” சுவரில் தொங்கிய, சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தைக் குடையால் காட்டினாள். “அவ ஒரு ஒன்பது செவ்வாய் மறிச்சுப் பாத்திருக்கலாம்.”

இதற்கான பதிலைப் பாதர் குருவாகப் படித்த செமினறியில் படிப்பிக்கவில்லைப் போலும். அன்ரனிட்டா தாயின் முகத்தைப் பார்த்தாள். அம்மா பகிடி விடவில்லை. இதை மாதாவிடமே அவள் சொல்லியிருப்பாள், செபமாலைக்கு நடுவில், தாய்க்குத் தாயாக.

“பாதர், நீங்கள் செமினறிக்குப் போகேக்கை உங்கடை அம்மா என்ன செய்தவ?”

“அழுதவ. பிறகு ஊருக்குப் பலகாரம் குடுத்தவ.”

“என்ரை அம்மாவும் அழட்டும். பலகாரத்தை நான் சுடுறன்.”

“அவர் கடவுளிட்டைப் போனவரடி.”

“பொலநறுவையிலை கடவுள் இல்லையோ?”

“இருப்பார். ஆனா அங்கை அவருக்கு உன்னைத் தெரியாதே.”



“அம்மா, நான் வேலைக்கு ஓமெண்டு சொல்லிட்டன். போன செவ்வாய். நீங்கள் கோயிலிலை முழந்தாளிலை நிக்க, என்ரை பேர் காதிலை விழுந்த கையோடை போனிலை பதில் அனுப்பினனான்.”

ஜெனீற்றா கதிரையில் இருந்துவிட்டாள். பாதருக்கு முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல்தடவை.

“அப்ப இஞ்சை என்னத்துக்கு வந்தனீ?”

“பயத்திலை. விசுவாசமில்லாதவள் எண்டால் சிரிச்சுப்போட்டுப் போயிருப்பன். உங்கடை செபம் கேக்கப்படுறது எனக்குத் தெரியும். காய்ச்சலிலை கிடந்த என்னை எழுப்பினது அதுதான். அதே செபம் என்னை விழுத்தப் பின்னாலை வந்தால் நான் ஆரிட்டைப் போறது?”

கோயிலில் முதல் மணி அடித்தது.

“இண்டைக்கு என்ன வாசிக்க, அம்மா?” பாதர் மெல்லக் கேட்டார்.

“யோசிச்சுச் சொல்லுறன்.”

அன்ரனிட்டா செருப்பைக் காலில் கொழுவினாள்.

“நில்லு,” என்றாள் ஜெனீற்றா. எழுந்து வந்து, மகளின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டாள். கொஞ்சம் அழுத்தித்தான் போட்டாள், நகம் கீறியது.

“இது வழிக்குத்தான். வேலைக்கில்லை.”

“வழிக்குக் காணும்,” என்று சொல்லிவிட்டு அன்ரனிட்டா படியிறங்கினாள். பொலநறுவைக்குக் கொண்டுபோகத் தலையணை ஒன்று வாங்க வேண்டியிருந்தது. கேற்றைத் திறந்து, யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸுக்காக றோட்டைப் பார்த்து நடந்தாள்.