எண்ணெய்க் கிண்ணத்தில் இரண்டு மணிகள்

1953 ஜூலை 14, செவ்வாய். பிழை: ஞாயிற்றுக்கிழமை இரண்டு கண்ணாடி மணிகளையும் ஒரே எண்ணெய்க் கிண்ணத்தில் போட்டுவிட்டேன். சிறிய பிழைதான்... பழையதை ஒரு கிண்ணத்திலும் நான் செய்ததை இன்னொன்றிலும் போட்டிருக்க வேண்டும், எதையும் தனித்தனியாக வைக்கிறவன் நான், அன்று ஏன் செய்யவில்லை? அவசரம். அக்கா குழந்தை நீலாவுக்கு அன்று எண்ணெய்க் குளியல், இடுப்பில் கயிறு இறுகிவிட்டது என்று மங்கலம் அக்கா அதை அறுத்து, மணியை உருவி என் கையில் வைத்து, புதுக் கயிற்றில் கோத்து வை என்று சொல்லிவிட்டு வெந்நீரைப் பார்க்கப் போனாள், மாதக்கணக்கில் நான் காத்திருந்தது அந்தச் சில நிமிஷங்களுக்குத்தான், அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க. ஊறட்டும், அழுக்குப் போகட்டும், பிறகு வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று போட்டேன். உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டாள். கையை விட்டு ஒன்றை எடுத்தேன், துடைத்தேன், கோத்தேன், குழந்தையின் இடுப்பில் கட்டினேன். கட்டி முடித்த பிறகுதான் எதை எடுத்தேன் என்று கேட்டுக்கொண்டேன்.

இன்று தட்டெழுத்து வகுப்பு இல்லை, மழையில் கூரை ஒழுகுகிறது என்று மெஷின்களை மூடிவைத்துவிட்டார்கள். ஆரியசாலைத் தெரு முழுவதும் நனைந்த சாக்கு வாசனை. அக்காவுக்கு நான் வீட்டில் இருந்தது வசதியாகப் போயிற்று. "லே நம்பி, பிள்ளையக் கொஞ்சம் பாத்துக்கிடு. பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் ஒடச்சிட்டு ஓடி வந்திருதேன், கர்க்கடக மாசம் பொறக்கப் போவுதுல்லா." குடையை எடுத்துக்கொண்டே குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமலேருந்து அழவே மாட்டேங்கா, பாத்தியா? தங்கம்லா என் பிள்ள!" போய்விட்டாள். நீலா பாயில் உட்கார்ந்திருக்கிறாள், உட்காரப் பழகி அதிக நாள் ஆகவில்லை, நான் எதிரே சுவரில் சாய்ந்திருக்கிறேன், மற்ற மணி என் சட்டைப் பையில். அழாத குழந்தை தங்கமா? பசிக்கு அழவில்லை, ஈரத்துக்கு அழவில்லை, நேற்று எறும்பு கடித்துக் கால் தடித்திருந்தது, அதற்கும் அழவில்லை. கடித்த இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து தன் இடப்பக்கம் பார்த்தாள், பக்கத்தில் இருக்கும் யாருக்கோ காட்டுகிறவளைப் போல.

பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் பார்க்கிறேன். இடுப்பில் நீல மணி, அதில் வெள்ளை வளையம், வளையத்துக்குள் மறுபடி நீலம், இப்படி மூன்று கண்கள், எப்படிப் புரட்டினாலும் ஒன்று நம்மைப் பார்க்கும். பழைய காலத்தில் அப்படிச் செய்திருக்கிறார்கள். மியூசியத்துக் கண்ணாடிப் பெட்டியில் பழைய மணிகளைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பைத்தியம், குன்றிமணி போலச் சிவந்தவை, கோடு போட்டவை, விதை போலப் பொடியானவை, எல்லாவற்றையும் என் கையால் செய்து பார்த்துவிட்டேன். வளையல் கடை வாசலில் உடைந்து கிடக்கும் துண்டுகள், நீலத்துக்கு மருந்துக் குப்பி, ஸ்பிரிட் விளக்கு, தட்டானிடம் வாங்கிய ஊதுகுழல், களிமண்ணும் சாம்பலும் பூசிய இரும்புக் கம்பி. உருகின கண்ணாடியைக் கம்பியில் சுற்றி, கம்பியை விடாமல் உருட்டி, கண்ணை வைத்து, அழுத்தி, சூட்டுச் சாம்பலில் புதைத்துவிட வேண்டும், விடிகிற வரை தொடக் கூடாது. முதலில் செய்ததெல்லாம் வெடித்தன. பிறகு வெடிக்கவில்லை, ஆனால் அசிங்கமாக இருந்தன. அத்தான் அவற்றை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "மாப்ளே, இது எந்தக் கோழி இட்டது?" என்பார். வகுப்பில் வேலாயுதன் சாரும் அப்படித்தான், நான் அடித்த தாளை மூன்றாம் தடவை சரிபார்ப்பதைப் பார்த்து, "எடோ நம்பி, தனக்குத் தன்மேலேயே ஒரு விஸ்வாசம் இல்லல்லோ!" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இல்லைதான். இப்போது அந்த அவநம்பிக்கையைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். என் கை கெட்டிக்காரக் கை இல்லை என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தாக வேண்டும். தெரியவில்லையே... பழைய மணியின் துளை ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும், எத்தனையோ காலம் கயிறு அறுத்த தேய்மானம். அதையும் விட்டுவைக்கவில்லை நான். எண்ணெயும் மணல்பொடியும் தடவிய நூலை மாலை மாலையாக இழுத்து அதே பக்கத்தைத் தேய்த்தேன். யார் என்னை அவ்வளவு தூரம் போகச் சொன்னது?

அக்காவுக்கு இது வெறும் மணி இல்லை. முதல் இரண்டு குழந்தைகளும் நாற்பது நாள் தாண்டவில்லை. நீலா பிறந்ததும் அத்தான் தன் வீட்டிலிருந்து இதைக் கொண்டுவந்து கட்டினார், குழந்தை தங்கிவிட்டாள், அன்றிலிருந்து இந்த ஞாயிற்றுக்கிழமை வரை அக்கா இதை அவிழ்த்ததே இல்லை. கிணறு தோண்டும்போது கிடைத்தது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். எனக்கு மீதியும் தெரியும். கம்பி வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனபோது, தான் வேலை பார்க்கும் இரும்புக் கடையில் கணக்கை நிறுத்திவிட்டு அத்தான் சொன்னார். "மண்ணுக்குள்ள ஒரு தாழி இருந்துச்சு மாப்ளே. அதுக்குள்ளதான் கெடந்துச்சு மணி. எலும்பும் இருந்துச்சு... சின்ன எலும்பு, கேட்டியா. உங்க அக்காட்ட மூச்சு விட்டிராத." ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன். "வேற என்ன இருந்துச்சு எங்கிட்ட?" என்றார். ஆக, அதைக் கட்டியிருந்த குழந்தை சாகத்தான் செய்திருக்கிறது. அந்தத் தேய்மானம் ஒரு சின்னக் குழந்தையின் ஆயுசில் வருமா? அதற்கு முன் அது வேறொருத்தியுடையது, அவளுக்கு முன் இன்னொருத்தியுடையது... அசல் நீலாவின் இடுப்பில் இருந்தால் நல்லதா, என் பையில் இருந்தால் நல்லதா? ஞாயிற்றுக்கிழமை வரை இந்தக் கேள்வி இல்லை. ஒரே ஒரு மணி இருந்தது, ஒரே ஒரு குழந்தை இருந்தாள்.

மழை வலுக்கிறது. விளக்கைப் போடலாம், ஆனால் அதற்கு எழுந்து அவளைக் கடந்து போக வேண்டும். நீலா பாயின் ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறாள், பாதி உடம்பு தரையில். இதுவும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான். நடுவில் படுக்கவைத்தால் ஓரத்துக்குப் போகிறாள், சுவர்ப்பக்கம் இடம் விட்டு. நேற்று அக்கா சிரித்தாள். "யாருக்குட்டி எடம் போட்டு வச்சிருக்க? தம்பிப்பாப்பாவுக்கா?" அத்தானும் சிரித்தார், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நான் எழுந்து போய் அவளை நடுவில் உட்காரவைத்தேன். சுவர்ப்பக்கம் பாய் சில்லென்று இருந்தது, மழைக்காலத்தில் எந்தப் பாயும் அப்படித்தான் இருக்கும். மெதுவாக, கையை ஊன்றி ஊன்றி, மறுபடி ஓரத்துக்கு வந்துவிட்டாள்.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். பையிலிருந்த மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்து அவள் முன் நீட்டினேன். எது கிடைத்தாலும் வாயில் வைக்கிற குழந்தை, இதையும் வைக்கத்தான் போவாள், உடனே பிடுங்கிக்கொள்ளலாம் என்று மற்றக் கையைத் தயாராக வைத்திருந்தேன். என்ன எதிர்பார்த்தேன்? அசல் எது என்று அவள் சொல்லுவாள் என்றா? இடுப்பில் கிடப்பதைத் தொட்டாள், என் கையில் இருப்பதைப் பார்த்தாள், எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. திரும்பி, சுவர்ப்பக்கத்துக் காலி இடத்தில் அதை வைத்தாள். போடவில்லை, வைத்தாள். வைத்த பிறகும் விரல்களைக் கொஞ்சநேரம் அங்கேயே வைத்திருந்தாள், ஒருவர் வாங்கிக்கொள்ளும் வரை நாம் வைத்திருப்போமே, அதுபோல.

அக்கா வந்துவிட்டாள், புடவை ஓரம் சொட்டச் சொட்ட. "இருட்டுல எதுக்குல உக்காந்திருக்க?" விளக்கு எரிந்தது. பாயில் கிடந்ததைப் பார்த்ததும் முகம் மாறிற்று, ஓடிவந்து குழந்தையின் இடுப்பைத் தடவினாள், அங்கே இருந்தது. "அப்பம் இது யாருக்குள்ளது?"

"நான் செஞ்சதுக்கா" என்றேன்.

கையில் எடுத்து, குழந்தையின் மணியோடு ஒட்டிவைத்து, விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சத்தியமா? ரெண்டும் ஒண்ணுபோலல்லா இருக்கு! கெட்டிக்காரன்ல நீ. அவுக இனி கோழிமுட்டைன்னு சொல்லட்டும், பாத்துக்கிடுதேன்." என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, மணியைத் திருப்பித் தந்துவிட்டு, ஈரத்தோடு அடுக்களைக்குப் போனாள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை நாளும் விளக்கின் முன் கண்ணெரிய உட்கார்ந்திருந்தேன்? கேட்டதும் ஒரு கணம், ஒரே ஒரு கணம், சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க முடியாது. பிறகுதான் புரிந்தது. இரண்டையும் ஒரே கயிற்றில் கோத்து நீலாவுக்கே கட்டியிருக்கலாம், அசல் எதுவானாலும் அவளிடம் இருந்திருக்கும். இவ்வளவு எளிய வழி ஞாயிற்றுக்கிழமையே ஏன் தோன்றவில்லை? கட்டியிருந்தால் என் மணி எது என்று எனக்கு ஒருபோதும் தெரியாமல் போயிருக்கும், அதனால்தானா? இப்போது அந்த வழியும் இல்லை. நீலா தன்னுடையதை வைத்துக்கொண்டு மற்றதைப் பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுத்தாகிவிட்டது. கொடுத்ததைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் நான். நீலா என் பையைப் பார்க்கிறாள். பிறகு பக்கத்தில் பார்க்கிறாள். மணியைச் செய்யும்போது கண் வைத்தேன், துளை வைத்தேன், தேய்மானம்கூட வைத்தேன், யார் கட்டிக்கொள்ள என்று மட்டும் ஒரு நாளும் நினைக்கவில்லை.

நாளை செய்ய வேண்டியது: காலையில் சாலைக்குப் போய்க் கறுப்புக் கயிறு வாங்க வேண்டும். நீலாவின் இடுப்பளவுக்கு ஒன்று. அதே அளவில் இன்னொன்று, சுவர்ப்பக்கத்துக்கு.