கடைசி ஒரு மணி நேரம்

கை நீட்டும்போது கஜபதிக்குத் தேதி நினைவில்லை. முத்தாபுதுப்பேட்டை அம்மன் கோயிலில் பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்ததும், வருஷா வருஷம் நீளுகிற கை தன்னால் நீண்டுவிட்டது. முடிச்சு விழுந்த பிறகுதான் உறைத்தது. தீச்சட்டி எடுக்கும் நாளும் சோழவரத்து மூன்று மணி நேரக் கார் பந்தயமும் ஒரே ஞாயிற்றுக்கிழமை.

காப்புக் கட்டியவன் விளக்கு வைக்கும் நேரத்தில் ஊர் எல்லைக்குள் இருந்தாக வேண்டும். அவன் சட்டியை வேறொருவன் தொடக்கூடாது.

"ஊரே பந்தயத்த பத்தி பேசிகினு கீது, ஓட்றவனுக்கு மட்டும் மறந்துபோச்சா?" என்று சிரித்தாள் மனைவி வசந்தா.

"மத்தியானம் ஒரு மணிக்குத்தான ஆரம்பம். முடிச்சிட்டு வந்துருவேன்."

கஜபதி பூந்தமல்லியிலிருந்து பெங்களூருக்கு லாரி ஓட்டிப் பழகியவன். வேகத்தில் அவனை மிஞ்சியவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்தச் சூரர்களின் வண்டிகள் பாதியில் புகைந்து நிற்கும்போது இவனுடைய பியட் மட்டும் உருண்டுகொண்டே இருக்கும். நெடுநேரப் பந்தயம் என்பது வண்டியைக் கொல்லாமல் ஓட்டுவதுதானே. அப்படித்தான் ஐந்து கோப்பைகள் வீடு வந்தன. கூடவே ஒரு கெட்ட குணமும் வந்தது. கடைசி ஒரு மணி நேரத்தை யாருக்கும் தரமாட்டான்.

மாற்றி மாற்றி ஓட்டும் கூட்டாளி, வசந்தாவின் அண்ணன் சம்பத். அவனுக்கு நடுவில் கொஞ்ச நேரம், ஊறுகாய் மாதிரி. கேட்டால், "மச்சான் கியர் பொட்டிய ஒடச்சவன்" என்பான் கஜபதி. உடைத்து ஏழு வருஷமாகிவிட்டது. சம்பத் மறுத்துப் பேசியதே இல்லை.

அந்த ஞாயிறு, கொடியசைக்க வேண்டிய பெரிய மனிதர் ஆடி அசைந்து வந்து சேரவே மூன்றடித்துவிட்டது. இனி பந்தயம் முடிய ஆறாகும், விளக்கு வைக்கும் நேரம். முதலில் கஜபதி ஓட்டினான். பிறகு சம்பத். ஐந்து மணிக்கு அவன் வண்டியை உள்ளே கொண்டுவந்தபோது அவர்கள்தான் முதலிடம். பெட்ரோல் ஊற்றும்போதே, வழக்கம்போல, சம்பத் தானாக இறங்கி ஒதுங்கினான்.

"ஏறு மாப்ளே."

கஜபதி கதவில் கை வைத்தான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அம்மனை ஏமாற்ற அவனுக்கு மனம் வரவில்லை.

"நீயே ஏறு மச்சான்."

"கடைசி ஆச்சே?"

"ஏறுன்றேன்ல."

கியர் பெட்டி என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினான்.

மெக்கானிக் கோவிந்தனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அம்பத்தூர் வழியாக வரும்போது, உடம்புதான் வந்தது. உயிர் சோழவரத்தில் கிடந்தது. சம்பத் வண்டியை உடைத்துவிடுவானோ என்ற பயம் பாதிதான். உடைக்காமல் ஜெயித்துவிட்டால், இத்தனை வருஷம் அவனை இறக்கிவிட்டதற்கு என்ன நியாயம் சொல்வது? அந்தப் பாதிதான் அதிகம் குடைந்தது.

வாசலில் வசந்தா, "காரு எங்க?" என்றாள்.

"உங்க அண்ணன் கையில."

அவள் வேப்பிலையை எடுத்துக் கொடுத்தாள்.

தெரு சுற்றிவந்து சட்டியை இறக்கும்போது எல்லைக் கல் பக்கம் பியட்டின் சத்தம் கேட்டது. கஜபதி காதைத் தீட்டிக்கொண்டான். கியர் இறங்கியது, ஒரு உறுமல்கூடப் பிசகாமல். வேகமாக நடந்தான்.

கார் எல்லைக் கல்லருகே நின்றிருந்தது. இடப்பக்க சீட்டில் கோப்பை.

"ஜெயிச்சுட்டோம் மாப்ளே. போட்டோக்காரன் கூப்ட்டான். ரெண்டு பேரும் சேந்துதான் நிப்போம்னுட்டு வந்துட்டேன்." சம்பத் கீழே இறங்கினான். "ஊருக்குள்ள நீ ஓட்டிகினு போ. ஜனம் உன்னத்தான் பாக்கும்."

கஜபதிக்குப் பொறாமைதான், மறைப்பானேன். அதைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. சாம்பல் படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, காரைச் சுற்றி இடப்பக்கம் போனான். கோப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்தக் காரில் அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்ததே இல்லை.

"ஓட்டு மச்சான்."

சம்பத் கியர் போட்டபோது கஜபதி அவன் கையைப் பார்க்கவில்லை.