மதலேனம்மாள் ஆண்டவரோடு பேசாத புரட்டாசி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு அடுத்த வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில், சுவர் வழியாகக் கிடைத்தது. கோவில்பட்டி–எட்டயபுரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவரை பஸ்ஸில் ஆளேற்றினேன். ஓய்வு பெற்றபின் கதையில் ஏற்றுகிறேன். கொஞ்சம் நெரிசலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கரிசல் மண் வெடித்துக் கிடந்தது. மதலேனம்மாள் கண்ணீரோடு வானத்தை...’

இல்லை. அடுத்த வீட்டு மதலேனம்மாள் மதினி அழுது நான் பார்த்ததில்லை. அவள் போட்டது சண்டை. அதுவும் ஆண்டவரோடு.

2

காரணம் இருந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவள் புஞ்சையில் உளுந்து முளைத்ததும் மழை நின்றுவிட்டது. போன வருஷம் காய் முற்றியபின் மழை வந்தது, நிற்கவே இல்லை. நெற்றுக்குள்ளேயே உளுந்து முளைவிட்டுவிட்டது. (எங்கள் தெருவில் எட்டயபுரம் பஸ்ஸே மிதந்தது என்று எழுதியிருந்தேன். மிதந்தது ஒரு வாளி. என்னுடையதுதான்.)

அன்றிலிருந்து மதினி மாதா கோவிலுக்குப் போவாள். வாய் திறக்க மாட்டாள். ஆண்டவரோடு பேச்சு கிடையாது. சொல்ல வேண்டியதைப் புருஷன் ஜேசுதாசன் அண்ணாச்சி வழியாகச் சொல்லி அனுப்புவாள், சாப்பாட்டுச் செபத்தின்போது.

“அவியகிட்ட சொல்லுங்க, மேகத்தைக் காட்டி ஏமாத்துறது பெரிய மனுசருக்கு அழகில்லன்னு.”

அண்ணாச்சி கண்ணை மூடுவார். “ஆண்டவரே, மதலேனுக்குக் கொஞ்சம் மனவருத்தம்...”

“கொஞ்சமா? நான் சொன்னத அப்படியே சொல்லுங்க. நீங்களா சீனி போடாதீங்க.”

3

(இந்த இடத்தில் எனக்கு அண்ணாச்சிமேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு சாதுவான மனிதர் ஒரு கதைக்கு ஆவாரா? எடுத்துவிடலாம் என்றிருந்தேன். அப்போதுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார்.)

வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு குடம் விதை உளுந்து. எங்கள் பக்கம் புரட்டாசியில், மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிடுவோம். மழை பிறகு வந்து அதை எழுப்ப வேண்டும். அதுவரை விதையில் ஈரம் படக்கூடாது. விதைக்குமுன் கோவிலில் சாமியாரிடம் மந்திரித்து வாங்குவது வழக்கம். இந்த வருஷம் மதினி மறுத்துவிட்டாள்.

அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. கோவிலில் தீர்த்தம் பிடித்து வந்து, அவள் வெளியே போன நேரம் பார்த்து, இரண்டு சொட்டுத் தெளிக்கலாமென்று பாட்டிலைக் கவிழ்த்தார். மூடி கழன்று விழுந்தது. (பத்துக் குடம் தீர்த்தம் என்று எழுத ஆசைதான். ஒரு பாட்டில். ஆனால் லிட்டர் பாட்டில்.) மேலே நனைந்தது தெரியாமலிருக்க, கையை விட்டு அடிவரை கிளறியும் வைத்தார்.

4

மதினி வந்து குடத்துக்குள் கை விட்டாள்.

“என்ன இது, குளிப்பாட்டியிருக்கீங்க?”

“தீர்த்தம், மதலேன். ரெண்டு சொட்டு...”

“ரெண்டு சொட்டா? ஞானஸ்நானமே குடுத்திருக்கீங்க! பேரும் வச்சாச்சா?” பிறகு குரல் இறங்கியது. “இது முளைவிட்டா வடைக்குத்தான் ஆகும். வேற விதைக்கு எங்கன போக?”

“ஆண்டவர்ட்ட சொல்லுதேன்...”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். இனிமே நடுவுல ஆளே வேண்டாம். நானே பேசிக்கிடுதேன்.”

விதையைப் பழைய சேலையில் பரப்பி, நிழலில் உலர்த்தினாள். வீங்கியதைப் பொறுக்கி எறிந்தாள். மீதியில் ஒன்றைக் கடித்துப் பார்த்தாள், டக்கென்று உடைந்தது. ஆனால் மண்ணுக்குள் போய் முளைக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. தெரிந்தேதான் விதைத்தாள், எல்லாவற்றையும்.

5

விதைப்பு முடிந்ததும் வரப்பில் நின்று, இடுப்பில் கை வைத்து, அண்ணாந்து பார்த்து வெகுநேரம் பேசினாள். நான் வேலிக்கருவைக்குப் பின்னால் நின்றேன் (கதை எழுதுகிறவன் எங்கேயாவது நிற்க வேண்டுமே). காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

ஆகவே இரண்டு விதமாக எழுதிக் கொண்டுபோய் அவளுக்கே வாசித்துக் காட்டினேன்.

ஒன்று: ‘அன்பான ஆண்டவரே, இந்தப் பாவியை மன்னியும்...’ மதினிக்குச் சிரித்துப் புரையேறியது.

இன்னொன்று: மூச்சுவிடாத திட்டு, ஒன்றரைப் பக்கம்.

“இது கொஞ்சம் பக்கத்துல வருது,” என்றாள். “மீதி எங்களுக்குள்ள.”

6

பிறகு முடிவை வாசித்தேன். ‘அன்று மாலையே வானம் இருண்டு, யானை யானையாய் மேகம் திரண்டு, கொட்டோ கொட்டென்று...’

“கொழுந்தனாரே, நிறுத்தும். மழையை எழுதச் சொல்லி உம்மகிட்ட யாரு கேட்டா?”

“கதைக்கு ஒரு முடிவு வேணுமே, மதினி.”

“அது அவிய வேலை. நான் கேட்டாச்சு. செய்வாவ.”

“செய்யாட்டி?”

“செய்யாட்டி மறுபடியும் சண்டைக்குப் போவேன். பேசாம மட்டும் இருக்க மாட்டேன்.”

மேகத்தையெல்லாம் அடித்துவிட்டேன். யானைகளை அடிக்கும்போதுதான் வருத்தமாக இருந்தது.

விதை மண்ணுக்குள் கிடக்கிறது. நீங்கள் இதைப் படிக்கும்போது ஐப்பசி கழிந்திருக்கும். எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழை பெய்திருந்தால் கடைசி வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பெய்யாவிட்டால் ஒருநாள் இந்தப் பக்கம் வாருங்கள். ஒரு புஞ்சை வரப்பில் ஒருத்தி அண்ணாந்து நின்று கத்திக்கொண்டிருப்பாள். குறுக்கே பேசிவிடாதீர்கள்.