எழுந்து போனவர் பாட வேண்டும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் குழுக்களை நடத்துகிறவர்களுக்குத் தகவல் பாதுகாப்புக் கையேடு ஒன்று எழுதித் தரச் சொல்லி ஒரு நிறுவனம் கேட்டது. ‘கடவுச்சொல்லை எவரிடமும் பகிரலாகாது’ என்று ஆரம்பித்தேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்த என் தங்கை கொட்டாவி விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, எனக்கே கண்ணைச் சொருகியது. பிறகு ‘குழு மேலாளர்’ என்று எழுதிய இடத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்துகொண்டாள். கையேடு அதோடு போயிற்று.

முதல் வரிக்கு முயன்றவை:

நகரத்தின் மீது மழை மெல்ல... (வேண்டாம். மழைக்கும் மடிக்கணினிக்கும் என்ன சம்பந்தம்?)

மேலாளர் தன் திரையைப் பூட்டாமல் ஒருநாளும் எழுந்ததில்லை. (இது தேறும்.)

2

அவளுடைய மேசை துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. குழுவில் மற்றவர்கள் அவரவர் வீட்டில், சமையலறை மூலையிலும் கட்டில் ஓரத்திலுமாக இருந்தார்கள். மருத்துவமனைகளின் நோயாளிக் கோப்புகளைச் சரிபார்ப்பது அவர்கள் வேலை. யாருக்கு என்ன நோய் என்பது திரையில் அப்படியே தெரியும்.

அலுவலகத்தில் ஒருவர் திரையைத் திறந்துபோட்டுவிட்டு எழுந்தால் பக்கத்து இருக்கைக்காரர் கேலி செய்தே திருத்திவிடுவார். வீட்டில் யார் கேலி செய்வது? யோசித்து யோசித்து, வீட்டாரையே காவலுக்கு வைத்தாள். பூட்டாமல் எழுந்தால், வீட்டில் இருக்கும் யாரும் வந்து அவர் மடிக்கணினியிலிருந்தே குழு அரட்டையில் ‘இன்னைக்கு நான் பாடுறேன்’ என்று தட்டிவிடலாம். எழுந்து போனவர் சாயங்காலக் கூட்டத்தில் பாடியே தீர வேண்டும்.

விதி பிய்த்துக்கொண்டு ஓடியது. மனைவிமார்கள் பழிதீர்த்தார்கள். ஒருவருடைய மச்சான் இதற்காகவே லீவு போட்டுவிட்டு வந்து காத்திருந்தான். குரல் கட்டை என்று பெயரெடுத்தவர் இரண்டு முறை பாடியபின், குழுவில் எல்லோருமே பயபக்தியோடு திரையைப் பூட்டத் தொடங்கினார்கள்.

மேலாளர் மட்டும் சிக்கவில்லை. அவளுடைய மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

“என்னைக்காவது நீ மாட்டுவேம்மா.”

“உங்க காலம் முழுக்க உக்காந்திருங்க, மாமா.”

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: மாமனாரை முதலில் பல் மருத்துவராகத்தான் வைத்திருந்தேன். ஆனால் பல் மருத்துவர் யாரையும் ஒளிந்திருந்து பிடிப்பதில்லை. ஒளிகிறவர்கள் நாம்தான்.)

3

கதையில் ஏதாவது ஆபத்து வர வேண்டுமே. தகவல் பாதுகாப்பைச் சோதிக்கத் தணிக்கையாளர் வந்தார். அவருடைய அறிக்கையைப் பார்த்துத்தான் குழு வீட்டிலேயே தொடருமா, அலுவலகத்துக்குத் திரும்புமா என்று தலைமை முடிவு செய்யும்.

அவளுக்குத் திரும்ப மனமில்லை. காலையிலும் மாலையிலும் பேருந்தில் தொங்கிய வருடங்களில், தன் வீட்டில் மத்தியானம் என்று ஒரு பொழுது இருப்பதையே அவள் பார்த்ததில்லை. இப்போது மாமனாரோடு உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடுகிறாள். சந்தோஷமாக இருக்கிறாள். அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தணிக்கையாளரும் தன் வீட்டிலிருந்துதான் காணொலிக் கூட்டத்துக்கு வந்தார். தன் திரையை எல்லோருக்கும் பகிர்ந்து, கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் நன்றாகவே போனது, இந்தக் கேள்வி வரும்வரை:

“வீட்டுல இருக்கறவங்க யாராவது ஆபீஸ் லேப்டாப்பைத் தொடறது உண்டா?”

காவலுக்கென்று வைத்த வீட்டாரை, காக்க வேண்டிய பொருளின்மீதே கைவைக்கச் சொன்னவள் அவள். இத்தனை நாள் அது ஒருவருக்கும் உறைக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த எனக்கும்தான்.

‘இல்லை சார்’ என்று அவள் வாயில் எழுதினேன். நிற்கவில்லை. அழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி...

“உண்டு சார்,” என்றாள். “நான் போட்ட விதிதான்.” பாட்டு விவகாரம் முழுவதையும் சொன்னாள்.

கதவோரத்திலிருந்து மாமனார், “தொடக் கூடாதுன்னா, ‘பூட்டல’ன்னு இனிமே சத்தம் போட்டுச் சொல்லிட்டுப் போறோம்,” என்றார்.

“அப்படியே மாத்திடறேன் சார்,” என்றாள் அவள்.

தணிக்கையாளர் சிரிக்கவில்லை. “இதை நான் எழுதித்தான் ஆகணும்,” என்றார்.

4

அப்போது அவர் வீட்டு அழைப்பு மணி அடித்தது. (தற்செயல்தான். கதைக்கு ஒன்று அனுமதி உண்டு.) “ஒரு நிமிஷம்,” என்று எழுந்து போனார். போகிற அவசரத்தில் அவர் கை எதன்மேலோ பட்டது. பகிர்ந்திருந்த திரையில் கேள்விப் பட்டியல் மறைந்து, அவருடைய அறிக்கை திறந்துகொண்டது. ‘பரிந்துரை’ என்ற தலைப்பு தெரிந்தது. அதன் கீழே எழுத்துகள்.

குழு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“படிச்சுக்கோம்மா,” என்றார் மாமனார் மெதுவாக. “தொறந்துதானே கெடக்கு.”

படித்திருக்கலாம். நானாக இருந்தால் படித்திருப்பேன். அவள் கூட்டத்தையே துண்டித்தாள்.

சற்று நேரத்தில் அவரே அழைத்தார். எல்லோரும் மறுபடி சேர்ந்தார்கள்.

“ஏன் கட் பண்ணீங்க?”

“உங்க ரிப்போர்ட் தொறந்து கெடந்துச்சு சார். யாரும் படிக்கிறதுக்குள்ள மூடிட்டேன்.”

“எதுவரைக்கும் பாத்தீங்க?”

“தலைப்பு வரைக்கும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“உங்க விதிப்படி,” என்றார் கடைசியில், “இப்ப நான் பாடணுமா?”

மாமனார் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

தணிக்கையாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

5

அறிக்கையில் என்ன இருந்தது, கண்ணாடியைத் துடைத்த பிறகு அதை மாற்றினாரா, அவளுடைய மத்தியானங்கள் பிழைத்தனவா? மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றும் இந்தப் பக்கத்துக்குக் கீழேதான் இருக்கின்றன. அதற்குள் என் தங்கை சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

நான் எழுந்து போகிறேன். திரையைப் பூட்டவில்லை. நீங்கள் கீழே நகர்த்திப் படிக்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றியும் எழுதலாம். அல்லது அவள் செய்ததைச் செய்யலாம்.

எதுவானாலும், திரும்பி வந்து நான் பாடித்தான் ஆக வேண்டும்.